ஊர்தியில்லார் செலவு

செலவு என்னுஞ் சொல் பழந்தமிழில் வழிச்செல்லுதலைக் குறித்தது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைமகன், தலைமகளின் வாட்டங் கண்டு தன் போக்கை நிறுத்துதலைச் 'செலவழுங்கல்' என அகப்பொருள் நூலார் வழங்குவர். இக்காலத்தார்க்கோ செலவென்பது கைப்பொருள் குறைதலே. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துமிடம் ஒன்று உண்டெனின், அஃது யாம் பிறந்த பெரம்பலூரும் அதனை அடுத்த அரியலூருமாகிய மாவட்டங்களே எனச் சொல்லத் துணிகின்றோம். ஆண்டு ஊர்தியுடையான் ஒருமணியில் முடித்துத் திரும்பும் கருமத்தை, அஃதில்லான் ஒருபகல் முழுதுங் கொடுத்தே முடிக்கின்றான்.

இதனைப் பிறர்வாய்க் கேட்டு எழுதுகின்றேமல்லேம். எமக்கு மாலைக்கண். பகலொளியிற் குறையொன்றுமில்லை, கதிர் சாய்ந்தபின் சாலையும் அதன் ஓரமும் எமக்கு ஒன்றாகிவிடும். பதினெட்டாண்டு நிரம்பியதும் எம்மோடு பள்ளியிற் பயின்றாருட் பெரும்பாலார் ஓட்டுநர் உரிமம் பெற்று மோட்டார் சைக்கிளில் உலவத் தொடங்கினர். மருத்துவர் சொற்படி யாம் அவ்விருப்பத்தைக் கைவிட்டோம். எந்தையார் அன்று ஒன்றும் பேசினாரல்லர். எம் பாட்டியார் மட்டும் அடுப்படியிலிருந்தவாறே, "வண்டி ஓட்டாத புள்ள இந்தச் சீமையில எப்படிப் பொழைக்கும்?" என்றார். அவ்வினாவிற்கு யாம் இரண்டாண்டுகளாகத் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதனைத் தமிழ் பயில்வார் அறிவர். ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறியனாய் எதிர்ப்பட்டானைத் தான் சென்ற வழியிற் செலுத்துதல் அந்நூல்களின் அமைதி. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, வழியிடை நேரும் இடர்களை இடமும் பொழுதும் சுட்டி எச்சரித்துச் செல்வதை வகுப்பிற் படித்த ஞான்று, அதனை யாம் மலைவளங்கூறும் பாட்டென்றே எண்ணியிருந்தோம். பின்னரே, அஃது ஊர்தியில்லாதானுக்கு ஊர்தியில்லாதான் கூறிய பயனுடைச் சொல் என்பது விளங்கிற்று. தேரும் யானையும் அவ்விரவலன் பெறுவது புரவலனைக் கண்டபின்னரே. போம்போது அவனுக்குத் துணை அவன் கால்களும் முன்சென்றான் சொல்லுமே.

நிற்க. எம் நாட்டின் நிலவமைதியைச் சிறிது கூறல் வேண்டும். இந்நிலம் ஒருகாலத்துக் கடலடியிற் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிளான்போர்டு என்னும் நிலவியலார் ஈண்டுள்ள பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாக வகுத்தார். அவை ஆறரைக் கோடி ஆண்டுகட்கு முற்பட்ட கடலின் எச்சங்கள். அவற்றுட் கிடைத்த சிப்பியும் நத்தையும் வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்திற் காணலாம். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமெண்டு ஊராக்கிற்று. அரசின் ஆலையும் தனியார் ஆலைகள் பலவும் எழுந்தன. கல் சுமக்கும் லாரிகள் பெருகின. லாரிக்கேற்பச் சாலை அகன்றது. அகன்ற சாலையில் நடப்பானுக்கு இடமில்லாது போயிற்று. கடல் விலகிய இடத்தில் நடந்துபோகக் கூடாமை ஒரு வியப்பன்றோ!

பெரம்பலூர்ப் பக்கத்து நிலைமை வேறு. அது பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையுங் கரிசல் நாடு. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, முன்னர் 45 என்னும் எண்ணும் இப்பொழுது 38 என்னும் எண்ணும் பூண்டு, அதனூடே செல்கின்றது. இருவழிச் சாலையாயிருந்த காலத்து, இருமருங்கும் புளியமரங்கள் நின்றன. நாற்கரமாக்கியபோது மரங்கள் போயின. ஊர்களின் நடுவே தடுப்புச் சுவர் வந்தது. ஒருபால் வீடும் மறுபால் வயலும் உடையார், எதிரே தெரியும் தம் வயலுக்குச் சுற்றிச் செல்லலாயினர். நாற்கரச் சாலை வேண்டாவென்பது எம் கருத்தன்று. 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஊர்தி நோயாளியை ஏற்றிக்கொண்டு திருச்சிக்கு விரைவதும் அச்சாலையிலேதான். அச்சாலை யாரை நினைந்து அமைக்கப்பட்டதென்பதே வினா.

இருப்புப்பாதையோ அரியலூர்க்கு உண்டு, பெரம்பலூர்க்கு இல்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி செல்லும் பாதை 1920களின் இறுதியில் திறக்கப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகராயிருந்தும் புகைவண்டி நிலையம் இலதாய் நிற்கின்றது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டுமென்பது நெடுநாளைய வேண்டுகோள். ஆதலின் பெரம்பலூரார் வைகையோ பல்லவனோ ஏறவேண்டின், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே அரியலூர் சென்றே ஏறுதல் வேண்டும். அரியலூர் என்றவுடன் முதியோர் நினைவிற்கு வருவது 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள். அன்று விடியலில் மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகைவண்டித்துறை அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரியார் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். சாலையில் நாடோறும் ஒருவர் இருவராய் மடிவோர் பொருட்டு யார் பொறுப்பேற்பர் என்று எம் பாட்டனார் கேட்பதுண்டு.

மாவட்ட எல்லைகளும் நடப்பான் தலையிற் சுமை ஏற்றுவனவே. 1995ஆம் ஆண்டு வரை இப்பகுதியார் மாவட்ட அலுவலுக்குத் திருச்சி செல்லல் வேண்டும். அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அரியலூர் அதனினின்றும் பிரிந்தது. 2002இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. தாளில் ஒரு கோடு இட்டு அழித்து மறுபடி இட்டனர். ஒவ்வொரு முறையும் செயங்கொண்டத்திற்குக் கிழக்கேயுள்ள ஒரு முதியவர், தம் மனுவை எடுத்துக்கொண்டு ஏறவேண்டிய பேருந்து மாறிற்று. ஊர்தியுடையானுக்கு அது சில கிலோமீட்டர் வேறுபாடு. ஏனையோர்க்கு ஒருநாட் கூலி.

இனி, எல்லாரும் இருசக்கர ஊர்தி வாங்கிவிட்டனரே, ஊர்தியில்லார் எத்துணைப் பேர் எஞ்சியுளர் என வினவுவார் உளர். எம் வகுப்பு நண்பர் ஒருவரும் இங்ஙனம் வினவினார். அவர்க்கு யாம் எம் வீட்டையே காட்டினோம். எம் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. கணக்கெடுப்போர் வந்தால் 'ஊர்தியுடைய குடும்பம்' என எழுதிச் செல்வர். அவ்வண்டி காலை ஏழுமணிக்கு எந்தையாரை ஏற்றிக்கொண்டு போய் இரவு எட்டுமணிக்கு மீள்கின்றது. இடைப்பட்ட பதின்மூன்று மணி நேரமும் பாட்டனார், பாட்டியார், அன்னையார், தங்கை, விடுமுறையில் யாம் ஆகிய ஐவரும் ஊர்தியில்லாரே. வண்டி வீட்டிற்கு உண்டு, வீட்டிலிருப்பார்க்கு இல்லை. சிறார், முதியர், கருவுற்றார், கண்ணொளி குன்றினார், உரிமம் பெறாதார், வண்டியிருந்தும் எண்ணெய்க்குக் காசில்லாதார் ஆகிய இவரையெல்லாம் கூட்டின், ஊர்தியில்லார் சிலரல்லர், பலர் என்பது பெறப்படும். அமெரிக்க நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் 41,000 மைல் நெடுஞ்சாலை வகுத்தபின், மகிழுந்தின்றி ரொட்டி வாங்கவும் இயலாத ஊர்கள் பெருகின என்பர். எம் நாட்டில் மகிழுந்து சிலர்க்கே உண்டு. எனினும் அலுவலகமும் மருத்துவமனையும் புதிய கடைத்தெருவும் ஊர்ப்புறத்தே நெடுஞ்சாலையை நாடிச் செல்லும் போக்கு அங்குப்போலவே இங்கும் காணப்படுகின்றது.

அற்றேல் யாது செய்வது? எமக்கு முதற்பாடம் கற்பித்தது ஓர் இரவு. சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தேர்வு முடிந்த மாலை, திருச்சியில் நெடுந்தொலைவுப் பேருந்து ஒன்றில் ஏறினோம். பெரம்பலூர் போகுமா என வினவியதற்குப் போகும் என்றனர். அவர் கூறியது பொய்யன்று. ஆயின் ஊருக்குள் போகுமா என யாம் வினவவில்லை. புறவழியில், நாற்கரச் சாலையோரத்தில், எம்மையும் எம் பெட்டியையும் இறக்கிவிட்டு வண்டி அகன்றது. மணி ஏழு கடந்திருந்தது. எம்மூர்ப் பேருந்து நிற்குமிடம் சாலைக்கு அப்பால். எதிர்வரும் விளக்குக்களன்றி வேறொன்றும் எம் கண்ணுக்குத் தோன்றவில்லை. விளக்கு ஒவ்வொன்றும் எத்துணைத் தொலைவில் உள்ளதென்பதும் தெரியவில்லை. ஒருகால் அடியெடுத்து வைத்து, ஒலி கேட்டுப் பின்வாங்கினோம். அங்ஙனம் எத்துணை நேரம் நின்றோம் என்பதை இன்றும் சொல்லக்கூடவில்லை.

அப்போது அதே பேருந்திலிருந்து எம்பின் இறங்கிய அம்மையார் ஒருவர், வெற்றுச் சாக்குக் கட்டொன்றைத் தலையில் வைத்தவாறு, "எங்க தம்பி போவணும்?" என்றார். சொன்னோம். "இதுல குறுக்கால போவக் கூடாது. கொஞ்சம் தள்ளிக் கீழால வழி இருக்கு. ராவுல கண்ணு தெரியாதா? சரி, சாக்குக் கவுத்தப் புடிச்சுக்கிட்டு வா" என்றார். அவர் தலைச்சுமையினின்று தொங்கிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, சாலைக்குக் கீழுள்ள வழியில் அவர்பின் நடந்தோம். வெங்காயம் விற்கக் கிழமைக்கு மூன்றுமுறை திருச்சி போய் மீள்பவராம். எந்த வண்டி ஊருக்குள் வரும், எது வராது, எந்த நடத்துநர் சொன்னால் நிறுத்துவார், எம்மூர்க் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அது தவறின் ஒதியம் போம் வண்டியில் ஏறி எங்கு இறங்கலாம் என்பவற்றையெல்லாம் நடந்தவாறே கூறினார். எழுதப் படிக்கத் தெரியாதென்றும் இடையிற் சொன்னார். எம் பேருந்து வருமளவும் உடன் நின்று ஏற்றிவிட்டே போயினார். பெயர் வினவ மறந்தோம்.

அவ்விரவுக்குப் பின்னரே யாம் குறிப்பேடு ஒன்று தொடங்கினோம். அதிலுள்ளவற்றுட் சில இவண் கூறுதும். ஏறுமுன் 'பெரம்பலூர் போகுமா' என வினவாது, 'ஊருக்குள்ளா, பைபாஸா' என வினவுக. 'பழைய பஸ் ஸ்டாண்டா, புதிய பஸ் ஸ்டாண்டா' என்பதும் உடன் கேட்கற்பாலது. ஓரிடத்திற்குச் செல்லுமுன், போகும் வண்டியை அன்று, திரும்பும் கடைசி வண்டியையே முதலில் விசாரித்தல் வேண்டும்; அதுவே அன்றைய நாளின் எல்லை. திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் நாட்களாதலின் அவ்வழி வண்டிகளில் நிற்கவும் இடமிராது. முகூர்த்த நாளும் அத்தன்மைத்தே. சாலையோரம் நடக்க நேரின் வலப்புறமாக, எதிர்வரும் லாரியைக் கண்ணாற் கண்டவாறு நடத்தல் நன்று. பின்னிருந்து வருவதை முதுகு காணாது. சமயபுரத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்துபோவோர் கூட்டமாய்ச் செல்லுங்காலும் இதனைப் பேணுவதில்லை. இரவில் வெள்ளாடையேனும் உடுத்தல் வேண்டும். ஏலாக்குறிச்சிக்கு அரியலூரினின்று நேரே செல்லும் வண்டி கிடையாதபோது, தஞ்சைச் சாலை வண்டியிற் சென்று இடையில் மாறுதல் ஒரு வழி. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தகாலை, கொள்ளிடக்கரையில் எவ்வாறு போக்குவரத்துச் செய்தார் என எண்ணியவாறே ஒருமுறை யாம் அங்கு ஒன்றரை மணி நேரம் வண்டிக்குக் காத்திருந்தோம்.

பகற்பொழுதிற்கு மிதிவண்டி எமக்கு உற்ற துணை. பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்தது. 2001ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய அத்திட்டம், பின்னர் எல்லா மாணாக்கர்க்கும் விரிந்தது. ஆயின் எம்மூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாளே அவ்வண்டிகள் மாட்டுக்கொட்டகைச் சுவரிற் சாய்கின்றன. மிதிவண்டியிற் செல்லுதல் வறுமைக்கு அறிகுறியெனக் கருதுகின்றனர். இவர்கட்கு அண்டைய புதுக்கோட்டையின் வரலாற்றைச் சொல்லல் வேண்டும். ஆண்டு 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தகாலை, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்டிர்க்குக் கற்பிக்கச் செய்தார். கல்லுடைப்பாரும் களையெடுப்பாரும் அங்கன்வாடிப் பணியாளரும் கற்றனர். எழுபதினாயிரத்திற்கு மேற்பட்ட பெண்டிர் பொதுவிடத்தில் ஓட்டிக் காட்டினர் எனச் செய்தியாளர் சாய்நாத் எழுதியுள்ளார். பெண்கட்குரிய வண்டி போதாமையின் ஆடவர் வண்டியையே ஏறினர். பின்னர், நடுக்கம்பியிற் குழந்தையை அமர்த்தலாமென்று அதனையே விரும்பினராம். கணவனுக்கும் பேருந்துக்கும் காத்திராது, நீர்க்குடத்தையும் விளைபொருளையும் தாமே கொண்டுசென்றனர். இதனை எம் அன்னையார்க்குக் கூறியபோது சிரித்தார். அடுத்த விடுமுறையில் எம் மிதிவண்டியின் இருக்கை தாழ்த்தப்பட்டிருந்ததைக் கண்டோம். யாம் ஒன்றும் வினவவில்லை. நெட்டைக்கால் முட்ட அவ்வாறே ஓட்டிக்கொண்டோம்.

பேருந்தைப் பற்றி இன்னுமொன்று. 2021ஆம் ஆண்டு மே திங்கள் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாயினர். இதனை இழிவாகப் பேசுவார் சிலரை யாம் அறிவோம்; அவர் பெரும்பாலும் பேருந்தில் ஏறாதவர். எம் பாட்டியார் முன்னெல்லாம் தம் தங்கையாரைக் காண ஆண்டுக்கு இருமுறை செல்வார். பேரளியில் வாழும் அவரை இப்போது நினைத்தபோது காண்கின்றார். பேருந்துக்காசை மகனிடம் கேட்டுப் பெறுதல் அவர்க்கு எத்துணைக் கூச்சமாயிருந்ததென்பது, கேட்க வேண்டாத நிலை வந்தபின்னரே எமக்குத் தெரிந்தது. கட்டணமிலாச் சீட்டையும் அவர் எறிவதில்லை, சுருக்குப்பையில் வைத்துக்கொள்கின்றார். கட்டணம் போயினும் காத்திருத்தல் போகவில்லை. உச்சிப்பொழுதில் எம்மூர்க்கு வரும் வண்டி ஒன்று தவறின், அடுத்தது மாலையிலேயே. பெரிய பேருந்து நுழையாத ஊர்கட்கெனச் சிற்றுந்துத் திட்டம் 1997இல் வந்தது. 2025 ஜூன் திங்களில் புதுக்கித் தொடங்கப்பட்டது. எம் பக்கத்துச் சிற்றூர்களில் அதன் வரவை மக்கள் எதிர்நோக்கும் ஆர்வத்தை, மழை நோக்கும் ஆர்வத்திற்கே ஒப்பிடலாம்.

போக வேண்டாதவாறு செய்தலும் ஒருவகைப் போக்குவரத்தே என்பது எம் துணிபு. பெரம்பலூர் மாவட்டத்து நோயாளர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடின் திருச்சி செல்வர். 2022 ஜனவரியில் அரியலூர்க் கல்லூரி தொடங்கியபின் அங்கும் செல்வர். ஆயின் எம் பாட்டனார் நீரிழிவுக்கு மாத்திரை வாங்க மாதந்தோறும் பேருந்தேறியது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எம்மூர்க்கு வந்தபின் நின்றது. மாத்திரை வீட்டுத்திண்ணைக்கு வருகின்றது. மிச்சமான அந்நாளில் அவர் வெங்காயத்திற்கு நீர் பாய்ச்சுகின்றார்.

எம் குறிப்பேட்டில் இப்போது இரண்டு மாவட்டத்து எழுபத்துமூன்று வண்டிகளின் நேரம் உளது. வெங்காய அம்மையார் அன்றிரவு சொன்னவை முதற்பக்கத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றும் இதுகாறும் பிழையாகவில்லை. பாட்டியாரிடம் அதனைப் படித்துக் காட்டினோம். முழுதுங் கேட்டபின், பேரளிக்கு மாலையில் திரும்பும் வண்டியின் நேரம் தவறென்று திருத்தினார். எம் நாட்டினின்று இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த மாணாக்கர் நால்வர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். வேண்டும் பிறர், விடுதியில் மாலை ஆறுமணிக்குமுன் எம்மைக் காணலாம். செந்துறை வழி வண்டிகளின் நேரம் மட்டும் தை மாதத்திற்குப்பின் மாறியிருக்கின்றது. அப்பக்கத்தார் எவரேனும் சரிபார்த்துத் தருவாராயின் நன்றியுடையேம்.